உள்ளே படித்துப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன லைப்ரரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதக் கற்கத் தொடங்குகிறவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழில் இதையெல்லாம் பொறுமையாக எழுதுவதற்கு ஆள் குறைவு. அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஓர் இடத்தில், பட்டியலை வரிசைப்படுத்துவது, சராசரி பார்ப்பது போன்ற சில்லறை வேலைகளுக்கெல்லாம் இணையப் பக்கங்களுக்கான நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தயாராக லைப்ரரிகள் (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன, எடுத்துப் போட்டுக்கொண்டு மேலே போகலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று புதியவர்கள் மெனக்கெட வேண்டாம் என்ற பொருளில் எழுதியிருந்தது. அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சில்லறை வேலைகளைச் செய்து பார்த்துத்தான் நான் நிரல் எழுதவே கற்றுக்கொண்டேன். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கணினி படித்தவள் இல்லை. கணக்குப் பிரிவில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு மாதமும் நிலுவைப் பட்டியலைக் கையால் தயாரித்துக் கண் பூத்துப்போனதால், 43 வயதில் ஜாவாஸ்கிரிப்ட் கற்க உட்கார்ந்தேன். இன்று என்னிடம் ஒரே ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 26 ஃபங்ஷன்கள், அதாவது ஒரு வேலையைச் செய்ய எழுதிப் பெயர் வைத்த நிரல் துண்டுகள். எதுவும் பத்து வரியைத் தாண்டாது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்து நிரல் கற்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான். பயன்படுத்துவது அப்புறம், முதலில் படித்துப் பார்க்கச் சொல்வேன்.

அந்தக் கோப்பில் முதல் ஃபங்ஷன் எப்படி வந்தது என்று சொன்னால், நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பது விளங்கும்.

பணம் வந்து சேராத பில்களை, எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கில் குறைவிலிருந்து அதிகமாக அடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ‘சார்ட்’ என்று ஒன்று இருக்கிறது. 9, 25, 100, 80 என்ற நாட்களைக் கொடுத்தேன். 100, 25, 80, 9 என்று அடுக்கிக் கொடுத்தது. சிவப்பில் ஓர் எழுத்துகூட வரவில்லை. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. நிரல் ஓடி முடிந்துவிட்டது. பட்டியல் நீளமாக இருந்ததால் நானும் கவனிக்காமல் மேலே அனுப்பிவிட்டேன். மறுநாள் அது திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

காரணம் இதுதான். எப்படி ஒப்பிட வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், ‘சார்ட்’ எல்லாவற்றையும் எழுத்துச் சரமாக மாற்றி அகராதி முறையில் அடுக்கும். அகராதியில் ‘அமாவாசை’ நீளமான சொல், ‘ஆடு’ குட்டிச் சொல். ஆனாலும் அகரம் முன்னால் வருவதால் ‘அமாவாசை’தான் முதலில் வரும். அதே மாதிரி 100-ன் முதல் எழுத்து 1, 9-ன் முதல் எழுத்து 9. ஆகவே 100 முன்னால் போய்விட்டது. எண்களாக ஒப்பிட வேண்டுமென்றால், முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துக் கொடுக்கிற ஒரு குட்டி ஃபங்ஷனை அதன் கையில் கொடுக்க வேண்டும். விடை மைனஸில் வந்தால் முதலாவது முன்னால் நிற்கும், பிளஸில் வந்தால் பின்னால் போகும். அவ்வளவுதான், ஒரே வரி. அந்த வரியை ஒரு பெயர் வைத்துக் கோப்பில் போட்டுக்கொண்டேன்.

இரண்டே வாரத்தில் அதே ஃபங்ஷன் இன்னொரு பாடம் சொல்லிக்கொடுத்தது. ‘சார்ட்’ புதிய பட்டியல் எதையும் தராது, நாம் கொடுத்த பட்டியலையே கலைத்து அடுக்கிவிடும். பில் எண் வரிசையில் இருந்த என் மூலப் பட்டியல் போயே போய்விட்டது. அதிலிருந்து என் கோப்பில் ஒரு விதி: கொடுத்த பட்டியலைத் தொடக் கூடாது, நகலெடுத்து அதில்தான் வேலை செய்ய வேண்டும். 2023-ல் மொழியிலேயே ‘டூசார்ட்டட்’ என்று ஒன்று வந்துவிட்டது. அது நகலை அடுக்கித் தரும், மூலத்தைத் தொடாது. ஆனால் அது ஏன் தேவைப்பட்டது என்பது, மூலப் பட்டியலைத் தொலைத்து நின்றவர்களுக்குத்தான் சட்டென்று புரியும்.

தயார் லைப்ரரி ஒன்றை எடுத்துப் போட்டிருந்தால் இந்த இரண்டையும் நான் தெரிந்துகொண்டிருக்கவே மாட்டேன். பட்டியல் சரியாக வந்திருக்கும், உண்மைதான். ஆனால் அடுத்த இடத்தில் வேறு உருவத்தில் அதே தவறு வந்து நின்றிருக்கும்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகடை உருட்டுகிற நிரல் எழுதிக்கொண்டு வந்தாள். கற்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் எழுதுவதுதான். ஜாவாஸ்கிரிப்டில் ‘மேத் ராண்டம்’ என்பது 0 முதல் 1-க்குள் ஏதோ ஒரு பின்ன எண்ணைத் தரும். 0 வரலாம், 1 வராது. அவள் அதை 5-ஆல் பெருக்கி, ‘ரவுண்ட்’ போட்டு முழு எண்ணாக்கி, 1 கூட்டியிருந்தாள். ஓட்டிக் காட்டினாள். 3, 5, 2, 6, 4, 1. எல்லாம் வருகிறது, 0-ம் வரவில்லை, 7-ம் வரவில்லை.

“சரியா வருதேக்கா” என்றாள்.

“6000 தடவை உருட்டி, எது எத்தனை தடவை விழுந்துதுன்னு எண்ணிப் பாரும்மா” என்றேன்.

உருட்டினாள். 2, 3, 4, 5 நான்கும் 1200-ஐ ஒட்டி வந்திருந்தன. 1-ம் 6-ம் மட்டும் 600 பக்கத்தில். மறுபடி உருட்டினாள், மறுபடியும் அப்படியே. இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் ஒரு தாளை எடுத்து 0 முதல் 5 வரை கோடு போட்டோம். ‘ரவுண்ட்’ பக்கத்தில் இருக்கிற முழு எண்ணுக்கு இழுக்கும். 0.5-லிருந்து 1.5 வரை எது வந்தாலும் 1 ஆகும், அது ஒரு முழு அளவு நீளம். ஆனால் 0 ஆக வேண்டுமென்றால் 0-லிருந்து 0.5 வரைக்குள்தான் விழ வேண்டும், அது பாதி நீளம்தான். 5-க்கும் பாதிதான். இரண்டு ஓரத்துக்கும் பாதிப் பங்கு. கோட்டைப் பார்த்ததும் அவளே சொல்லிவிட்டாள்: 6-ஆல் பெருக்கி, கீழே இழுக்கிற ‘ஃப்ளோர்’ போட்டால் ஆறு துண்டும் ஒரே அளவு. மாற்றி உருட்டினாள். ஆறும் 1000-ஐ ஒட்டி வந்தன.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த லைப்ரரியும் அந்தக் கோட்டை அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்காது. அந்த ஃபங்ஷனுக்கு நேர் மேலே, குறிப்பாக, அவள் முதலில் எழுதிய தவறான வடிவத்தையும் அப்படியே வைத்திருக்கிறேன், இரண்டு வரி விளக்கத்தோடு. என் கோப்பில் பாதிக்கு மேற்பட்ட ஃபங்ஷன்களுக்கு இப்படித் தவறான வடிவமும் பக்கத்திலேயே இருக்கும். புதியவர்களுக்கு எழுதுகிற எந்த லைப்ரரியிலும் இது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சரியான விடையை மட்டும் பார்த்தால் மனதில் எதுவும் ஒட்டாது.

பட்டியலைக் கலைத்துப் போடுவதிலும் இதே கதைதான். ‘சார்ட்’டுக்குள் ‘ராண்ட’த்தைப் போட்டு ஒரே வரியில் கலைக்கிற வழி எல்லோருக்கும் பிடித்துப்போகும். ஆனால் எல்லா வரிசைக்கும் அது சம வாய்ப்புத் தராது. சரியான முறையை ஃபிஷரும் யேட்ஸும் 1938-லேயே காகிதத்தில் செய்கிற மாதிரி எழுதிவிட்டார்கள். 1964-ல் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்ற வடிவத்தில் கொடுத்தார். ஆறே வரி. கடைசியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் தனக்கு முன்னால் இருப்பவற்றில் ஒன்றோடோ தன்னோடேயோ இடம் மாற்றிக்கொண்டு வருவது.

எங்களைப் போன்ற கணக்குக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்குகிற இடம் ஒன்று உண்டு. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி, விடை 0.3-தானா என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லும். விடையை அச்சிட்டுப் பார்த்தால் 0.30000000000000004. பற்றும் வரவும் நேராகிறதா என்று பார்க்க நான் முதலில் எழுதிய நிரல், எல்லாம் நேரான கணக்கிலேயே ‘பொருந்தவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மாலை முழுவதும் வவுச்சர்களைத் தேடினேன். வவுச்சரில் எதுவும் இல்லை. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எவ்வளவு நீட்டி எழுதினாலும் முடியாதில்லையா, அதே போல கணினி பயன்படுத்துகிற, 0, 1 என்ற இரண்டே இலக்கம் கொண்ட இரண்டடிமான எண்ணில் 0.1-ஐ முடித்து எழுத முடியாது. 64 பிட்டுக்குள் எங்கோ ஓர் இடத்தில் வெட்டித்தான் வைக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் இல்லை, இந்த முறையில் பின்ன எண்களை வைக்கிற எல்லா மொழியிலும் இதுதான் நிலை.

ஆகவே என் கோப்பில் இதற்கு இரண்டு ஃபங்ஷன்கள். ஒன்று, இரண்டு எண்களின் வித்தியாசம் மிக மிகச் சிறியதாக இருந்தால் சமம் என்று சொல்லும். இன்னொன்று, தொகையைச் சிறிய அலகுக்கு மாற்றி முழு எண்ணாகவே கூட்டும். பணக் கணக்குக்கு இரண்டாவதைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். அதிலும் ஒரு கண்ணி உண்டு. 1.005-ஐ 100-ஆல் பெருக்கினால் 100.5 வராது, 100.49999999999999 வரும். அதை ‘ரவுண்ட்’ செய்தால் 100-தான் கிடைக்கும். அதனால் தொகை எழுத்தாக வரும்போதே புள்ளிக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு என்று பிரித்துச் சேர்ப்பதுதான் பத்திரம்.

ஒற்றை எண்ணா என்று பார்க்கிற ஃபங்ஷனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2-ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். 7-க்குச் சரி. மைனஸ் 3-க்கு ஜாவாஸ்கிரிப்ட் தருகிற மீதி மைனஸ் 1. உடனே ‘ஒற்றை இல்லை’ என்று விடை வந்துவிடும். மீதி 0 இல்லையா என்று கேட்டால் தீர்ந்தது. மாதக் கணக்கும் அப்படித்தான்: ஜனவரி 0, டிசம்பர் 11. பிப்ரவரி என்று நினைத்து 2 என்று கொடுத்தால் மார்ச் வந்து நிற்கும்.

சராசரி பார்க்கிற ஃபங்ஷன்தான் எங்களுக்குள் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. கூட்டு, எண்ணிக்கையால் வகு. இதில் என்ன இருக்கிறது? காலிப் பட்டியல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் இருக்கிறது. 0-ஐ 0-ஆல் வகுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது, ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நேன்’ என்ற ஒன்றைத் தரும். அது அப்படியே அடுத்த கூட்டலுக்குள் போகும், அதையும் ‘நேன்’ ஆக்கும். கடைசியில் அறிக்கையின் அடியில் வந்து உட்கார்ந்திருக்கும், எங்கிருந்து கிளம்பியது என்றே தெரியாது. போதாக்குறைக்கு ‘நேன்’ தனக்குத்தானே சமம் இல்லை. ‘நீ நேனா’ என்று சமக்குறி போட்டுக் கேட்டால் எப்போதும் ‘இல்லை’ என்றே விடை வரும். தனியாக ஒரு சோதனை போட வேண்டும்.

காலிப் பட்டியலுக்கு 0 கொடுத்துவிடலாம் என்றாள் அந்தப் பெண். நான் கூடாது என்றேன். யாருமே பரீட்சை எழுதாத வகுப்பும், எல்லோரும் பூஜ்யம் வாங்கிய வகுப்பும் ஒன்றா? எரர் காட்டி நிறுத்திவிட வேண்டும் என்றார் இன்னொருவர். ஒரு காலிப் பட்டியலுக்காக மொத்த அறிக்கையும் நிற்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். அதுவும் நியாயமான கேள்விதான். கடைசியில் ‘மதிப்பு எதுவும் இல்லை’ என்பதைக் காட்டுகிற ‘நல்’ கொடுப்பது, அதை என்ன செய்வது என்று அழைத்தவர் முடிவு செய்துகொள்வது என்று எழுதினோம். அந்த முடிவையும், ஏன் அப்படி என்பதையும் ஃபங்ஷனுக்கு மேலே நான்கு வரியில் எழுதி வைத்திருக்கிறோம். மூன்று வரி ஃபங்ஷனுக்கு நான்கு வரி விளக்கம். அந்த அரை மணி நேரத்தில் அவள் கற்றுக்கொண்டது, கூட்டலும் வகுத்தலும் மட்டும் இல்லை.

இனி நம் மொழிக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணமே இதுதான்.

புதியவர்களுக்கான லைப்ரரிகள் எல்லாவற்றிலும், ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்புகிற ஃபங்ஷன் ஒன்று கட்டாயம் இருக்கும். எழுத்தெழுத்தாகப் பிரி, திருப்பு, சேர். ஆங்கிலச் சொல்லுக்கு அழகாக வேலை செய்யும். அதில் ‘தமிழ்’ என்று கொடுத்துப் பாருங்கள். புள்ளி தனியாகக் கழன்று முன்னால் வந்து நிற்கும், அதன் பின்னால் ‘ழிமத’ என்று வரும். மகரத்தின் தலையில் இருந்த இகரக் குறி ழகரத்துக்குப் போய்விட்டது. ‘தமிழ்’ எத்தனை எழுத்து என்று, நீளத்தைச் சொல்கிற ‘லெங்த்’ கேட்டால் 5 என்கிறது. தொடக்கப் பள்ளியில் படிக்கிற குழந்தைகூட 3 என்று சொல்லிவிடும். கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து தனித்தனிக் குறிகள். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் வைப்பதற்கான பொது முறையான யூனிகோடில் நம் எழுத்துகள் அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. பெயரை இத்தனை எழுத்துக்கு மேல் போகாமல் வெட்டி அச்சிடுகிற நிரலில், ‘சரவணன்’ என்பது ‘சரவணன’ என்று வந்தது. கணினிக் கணக்கில் அந்தப் பெயர் ஆறு குறி, வெட்டியது ஐந்தில். புள்ளி மட்டும் போய்விட்டது. ஒரு மனிதருடைய பெயரைப் புள்ளி இல்லாமல் அச்சிட்டுக் கொடுப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இதைச் சரிசெய்ய ‘இன்ட்ல்’ தொகுப்பில் ‘செக்மென்டர்’ என்ற வசதி இப்போது மொழியிலேயே இருக்கிறது. நாம் கண்ணால் பார்க்கிற எழுத்துகளாகவே பிரித்துக் கொடுக்கும். பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது வந்து சேர 2024 ஆகிவிட்டது. நான் அதற்கு முன்பே கையால் ஒன்று எழுதி வைத்திருந்தேன். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் தள்ளிவிட்டு, மற்றவற்றை எண்ணுவது. அவ்வளவுதான் அதில் விஷயம். ‘கோமதி’ 3, ‘அஃது’ 3, ‘தமிழ்’ 3. ஆய்தம் குறியாகக் கணக்கில் போகாது, தனி எழுத்தாகவே எண்ணப்படும். பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண், “லக்ஷ்மிக்கு என்னக்கா வரும்?” என்றாள். 4 வந்தது. க்-கையும் ஷ்-ஷையும் தனித்தனியாக எண்ணிவிட்டது. க்ஷ என்பதை ஓர் எழுத்தாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு 3 வர வேண்டும். யார் சொல்வது சரி என்று நிரல் தீர்மானிக்க முடியாது. எதை எடுத்துக்கொள்கிறோம் என்று நாம்தான் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்தோம்.

இன்னொன்று. பட்டியலில் ‘கோமதி’ என்ற பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ‘லெங்த்’ கேட்டால் ஒன்றுக்கு 5, மற்றதற்கு 6. ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிற ‘நார்மலைஸ்’ என்ற ஒரு சொல் இதைத் தீர்க்கும். 2015-லிருந்து மொழியில் இருக்கிறது. தேடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் அதற்குள் விட்டு எடுக்கிற மூன்று வரி ஃபங்ஷன் என் கோப்பில் இருக்கிறது. தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்கிற எந்தப் புதியவருக்கும் முதல் மாதத்திலேயே இது தேவைப்படும். ஆனால் நான் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்றில்கூட இது இல்லை. எல்லாவற்றிலும் உதாரணம் ஆங்கிலச் சொல்தான், அதில் இந்தச் சிக்கலே வராது.

லைப்ரரிகளை நான் குறை சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவம் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் எழுதப்பட்டது. அப்படி அவசரமாகப் பிறந்த மொழிக்கு நிறையக் கைக்கருவிகள் வெளியிலிருந்துதான் வந்து சேர்ந்தன. 2009-ல் அண்டர்ஸ்கோர், 2012-ல் லோடாஷ் என்ற லைப்ரரிகள். அவை இல்லாவிட்டால் எத்தனையோ பேர் கஷ்டப்பட்டிருப்பார்கள். மொழியும் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டு பலவற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. பட்டியலில் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது 2016-ல் வந்தது, வகைவாரியாகப் பிரித்து அடுக்குவது 2024-ல் வந்தது. வரவர என் கோப்பிலிருந்து ஐந்து ஃபங்ஷன்களை நீக்கியும் விட்டேன். எதை நீக்கினோம், அதற்குப் பதில் எது என்பதைக் கோப்பின் அடியில் எழுதி வைத்திருக்கிறேன். அதுவும் படிக்கத் தக்கதுதான்.

ஆனால் உள்ளே பார்க்காமல் எடுத்துப் போடுவதால் என்ன ஆகும் என்பதற்கு 2016 மார்ச் மாதம் ஒரு சாட்சி. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடமோ பூஜ்யமோ சேர்த்து நீளத்தைச் சரிசெய்கிற ‘லெஃப்ட் பேட்’ என்ற தொகுப்பு. மொத்தமே 11 வரி. எழுதியவர் அதைப் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்டியெழுப்ப முடியாமல் நின்றுபோயின. சில மணி நேரத்தில் அது திரும்ப வைக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோருக்குத் தாங்கள் அந்த 11 வரியை நம்பியிருக்கிறோம் என்பதே அதுவரை தெரியாது. அவர்கள் எடுத்த பெரிய தொகுப்புகளுக்குள் அது எங்கோ இருந்தது. அடுத்த வருடமே அந்த வேலை ‘பேட்ஸ்டார்ட்’ என்ற பெயரில் மொழிக்குள் வந்துவிட்டது. 11 வரியை ஒரு புதியவர் ஒரு மாலையில் எழுதிவிடலாம், எழுதிப் பழகினால்.

நம் ஃபங்ஷனை மொழியின் சொந்தப் பொருட்களிலேயே கொண்டுபோய் ஒட்டவும் கூடாது. பழைய லைப்ரரி ஒன்று பட்டியலோடு, உள்ளே இருக்கிற பட்டியல்களைப் பிரித்து ஒரே பட்டியலாக்குகிற ஒன்றை ‘ஃப்ளாட்டன்’ என்ற பெயரில் ஒட்டி வைத்திருந்ததால், அதே பெயரை மொழி வைத்துக்கொள்ள முடியாமல் போனது. வைத்தால் பழைய தளங்கள் உடையும். 2018-ல் பெயரை ‘ஃப்ளாட்’ என்று மாற்றிக்கொண்டார்கள். இதைச் சொன்னால் புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தாங்கள் எழுதுகிற பெயர் இவ்வளவு தூரம் போகுமா என்று கேட்பார்கள். போகும்.

இப்போது கேட்டால் நிரலை எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன, இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்று தங்கள் வாசகர்கள் சிலர் நினைக்கலாம். நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஒரு தடவை பட்டியலை நகலெடுக்கிற ஃபங்ஷன் கேட்டேன். எழுத்தாக மாற்றித் திரும்பப் பொருளாக்குகிற பழைய வழியைத் தந்தது. அந்த வழியில் தேதிகள் எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும், மதிப்பு வைக்கப்படாத இடங்கள் காணாமல் போகும். நகலெடுப்பதைப் பற்றி முன்பே என் கோப்பில் எழுதி வைத்திருந்ததால் பார்த்ததும் பிடித்துவிட்டேன். முழுமையாக நகலெடுக்கிற ‘ஸ்ட்ரக்சர்ட்குளோன்’ போட்டு மாற்றிக்கொண்டேன். படிக்கத் தெரிந்திருந்தது, அதனால் தப்பித்தேன்.

சரி, தங்களிடம் நான் கேட்பது என்ன?

இணைப்பில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ஃபங்ஷன். பத்து வரிக்குள். பக்கத்தில் எல்லோரும் முதலில் எழுதுகிற தவறான வடிவம், அது எங்கே சறுக்குகிறது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம், பிறகு சரியான வடிவம். காலியாக வந்தால், மைனஸில் வந்தால், தமிழில் வந்தால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். விடையை அடுத்த வாரம் வெளியிடலாம். வாசகர்கள் தாங்கள் செய்த தவறுகளை அனுப்பட்டும், அவற்றிலிருந்தே அடுத்த ஃபங்ஷனைத் தேர்ந்தெடுக்கலாம். அரை வருடத்தில் 26 ஆகிவிடும். கத்தரித்து ஒட்டி வைத்துக்கொண்டால் அதுவே ஒரு லைப்ரரி. மொழியில் எழுதுகிற சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் விளக்கமும் உதாரணப் பெயர்களும் சோதனைச் சொற்களும் தமிழில் இருக்கலாம், இருக்க வேண்டும்.

எழுதுவதற்கு ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், எதுவும் எதிர்பார்க்கவில்லை. என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் சரிபார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. முதல் வாரத்துக்குச் ‘சார்ட்’ போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண், தமிழ் எழுத்து எண்ணுகிற ஃபங்ஷனைத்தான் முதலில் போட வேண்டும் என்கிறாள். வாசகர் ஒவ்வொருவரும் தங்கள் பெயரைக் கொடுத்துப் பார்ப்பார்கள், ‘லெங்த்’ சொல்கிற எண்ணும் விரல் விட்டு எண்ணுகிற எண்ணும் வேறாக இருக்கும் என்பது அவள் வாதம். அவள் சொல்வதுதான் சரி என்று இப்போது படுகிறது. அந்த ஃபங்ஷனையும், அதன் தவறான வடிவத்தையும், பகடைக்குப் போட்ட கோட்டுத் தாளின் நகலையும் இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி